கோபன்ஹேகன் – ஹாம்பர்க்: தூரம் எவ்வளவு, பயண நேரம் எவ்வளவு?

அமாகர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோபன்ஹேகனில், விமான நிலையம் இருக்கும் அமாகர் தீவில் வசிக்கிறேன். என் தங்கை குடும்பத்துடன் ஹாம்பர்க்கில் குடியேறியிருக்கிறாள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவை அங்கே அழைத்துச் செல்ல வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. நெடுநேரம் நிற்க முடியாது.

இரு நகரங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று தேடினால் ஒரு தளம் 289 கிலோமீட்டர் என்கிறது, இன்னொன்று 335 என்கிறது, மூன்றாவது 470 என்கிறது. பயண நேரமும் அப்படியே ஒரு மணியில் தொடங்கி ஐந்து மணி வரை நீள்கிறது. இவற்றில் எதை நம்புவது? ரயில், கார், விமானம் மூன்றில் எது உகந்தது என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தண்டவாளம் எழுதியது:

வணக்கம் சகோதரி. நீங்கள் பார்த்த மூன்று எண்களும் சரியானவையே. ஒவ்வொன்றும் வேறு வழியின் தூரம்.

289 என்பது வான்வழி நேர்க்கோட்டுத் தூரம். அந்தக் கோட்டில் எந்தச் சாலையும் இல்லை, தண்டவாளமும் இல்லை. 335 என்பது காரில் தெற்கே லோலன் தீவின் ரோட்பி துறைமுகம் வரை போய், அங்கிருந்து கப்பலில் ஃபெமார்ன் நீரிணையைக் கடந்து, ஜெர்மனியின் புட்கார்டனில் இறங்கி ஹாம்பர்க் சேரும் வழி. 470 என்பது கப்பலே ஏறாமல், மேற்கே கிரேட் பெல்ட் என்னும் நீரிணையின் பாலத்தின் மேல் ஃபியூன் தீவுக்குப் போய், அங்கிருந்து யூட்லாந்து தீபகற்பத்தில் ஏறி, எல்லை கடந்து ஃப்ளென்ஸ்பர்க் வழியாகத் தெற்கே இறங்கும் சாலை.

கோபன்ஹேகன் ஒரு தீவில் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் எல்லாம் விளங்கிவிடும். ஜெர்மனிக்குப் போக எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் குறுக்கே நிற்கும். நேராகத் தெற்கே போனால் தூரம் குறைவு, ஆனால் 18 கிலோமீட்டர் நீரைக் கப்பலில் கடக்க வேண்டும். மேற்கே சுற்றினால் பாலங்கள் உண்டு, ஆனால் தூரம் கூடுதல்.

ரயில் இப்போது சுற்றுவழியில்தான் ஓடுகிறது. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தண்டவாளத்தை நேரடி ரயில் 4 மணி 40 நிமிடத்தை ஒட்டிய நேரத்தில் கடக்கிறது. ஓடும் தூரத்தை வைத்துப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நேர்க்கோட்டுத் தூரத்தை வைத்துப் பார்த்தால் அதே பயணம் மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு அருகில் வந்துவிடுகிறது. ரயிலின் வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை; கடலைச் சுற்றிப் போகும் செலவு அது.

உங்கள் அம்மாவுக்கு என் பரிந்துரை நேரடி ரயில். ஏறிய இருக்கையிலேயே அமர்ந்து இறங்கும் ஊர் வரை போகலாம். இடையில் வண்டி மாற வேண்டாம்.

நீள்சாலை எழுதியது:

காரில் அடிக்கடி போய் வருகிறவன் என்ற முறையில் சில விவரங்களைச் சேர்க்கிறேன்.

கப்பல் வழியில் கோபன்ஹேகனிலிருந்து ரோட்பி வரை ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். கப்பல் அரை மணிக்கு ஒன்று என்ற கணக்கில் இரவும் பகலும் ஓடுகிறது; கடக்க 45 நிமிடம். புட்கார்டனில் இறங்கியதும் நெடுஞ்சாலை கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஃபெமார்ன் தீவிலும் அதை நிலப்பரப்போடு இணைக்கும் பாலத்திலும் சாலை குறுகலானது. கோடைக்கால வார இறுதிகளில் கடற்கரைக்குப் போகும் கார்கள் அங்கே வரிசை கட்டி நிற்கும். அதைத் தாண்டிய பிறகுதான் ஏ1 நெடுஞ்சாலை தன் முழு அகலத்தில் கிடைக்கும். காத்திருப்பையும் சேர்த்தால் நான்கரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாலத்து வழி 470 கிலோமீட்டராக இருந்தாலும் முழுக்க நெடுஞ்சாலை என்பதால் ஐந்து மணிக்குள் முடிந்துவிடும். அதாவது 135 கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டியும் நேர வேறுபாடு அரை மணிதான். ஆனால் ஓட்டுபவருக்கு ஓய்வு கிடைப்பது கப்பலில். அந்த முக்கால் மணியில் காரை விட்டு இறங்கி மேல்தளத்துக்குப் போய்ச் சாப்பிடலாம், காலாற நடக்கலாம். தனியாக நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு நான் எப்போதும் கப்பலையே சொல்வேன். பாலத்துக்குச் சுங்கமும் கப்பலுக்குக் கட்டணமும் உண்டு. கூடுதல் எரிபொருளையும் கணக்கில் கொண்டு ஒப்பிடுங்கள். பலத்த காற்று வீசும் நாட்களில் பாலத்தை மூடுவதும் உண்டு, ஆகவே குளிர்காலத்தில் கிளம்புமுன் காற்று நிலவரம் பார்த்துக்கொள்வது நல்லது.

அமாகர்வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. விமானத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையம் மெட்ரோவில் சில நிலையங்கள்தான். வானில் இருப்பது ஒரு மணிக்கும் குறைவு என்றால் அதுவே மேல் அல்லவா?

தண்டவாளம் எழுதியது:

வீட்டு வாசலிலிருந்து தங்கை வீட்டு வாசல் வரை கூட்டிப் பாருங்கள் சகோதரி. வீட்டிலிருந்து நிலையத்துக்கு இருபது நிமிடம். பாதுகாப்புச் சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை மணி. வானில் ஐம்பத்தைந்து நிமிடம். இறங்கிப் பெட்டி வாங்கி வெளியே வர அரை மணி. ஹாம்பர்க் விமான நிலையத்திலிருந்து மத்திய ரயில் நிலையத்துக்கு எஸ்1 புறநகர் ரயிலில் 25 நிமிடம், அது வரும்வரை நிற்கும் நேரம் தனி. நான்கு மணியை நெருங்கிவிடுகிறது. ரயிலோடு ஒப்பிட்டால் மிச்சம் முக்கால் மணி.

விமான நிலையம் அருகில் இருப்பதால் உங்களுக்காவது அந்த முக்கால் மணி மிஞ்சும். கோபன்ஹேகனின் வடக்கிலோ மேற்கிலோ இருப்பவருக்கு அதுவும் மிஞ்சாது. தவிர, விமானப் பயணத்தில் நின்றும் நடந்தும் வரிசையில் காத்தும் கழிகிற நேரமே பாதி. முழங்கால் வலி உள்ளவருக்கு எல்லா நான்கு மணி நேரமும் ஒன்றல்ல: உட்கார்ந்து போகும் நான்கு மணி வேறு, ஐந்து இடங்களில் எழுந்து நிற்கும் நான்கு மணி வேறு.

விமானத்தில்தான் போவதென்றால், திரும்பி வரும்போது ஒன்றை மறக்க வேண்டாம். ஹாம்பர்க் நகரிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் எஸ்1 ரயில் ஓல்ஸ்டார்ஃப் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். முன்பக்கப் பெட்டிகள் மட்டுமே விமான நிலையத்துக்குப் போகும். பின்பக்கப் பெட்டிகள் போப்பன்பியூட்டல் என்ற வேறு பகுதிக்குப் போய்விடும். அறிவிப்பு வரும்தான், ஆனால் பெட்டிகளோடும் முதியவரோடும் கடைசி நேரத்தில் நடைமேடையில் முன்னே ஓடுவது எளிதன்று. ஏறும்போதே முன்பக்கம் ஏறிவிடுங்கள்.

லூபெக்வாசி எழுதியது:

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இரண்டு நகரங்களுக்கும் நடுவே இருக்கும் எங்கள் லூபெக்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

2019 டிசம்பர் வரை கோபன்ஹேகன் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. அதில் போனவர்களுக்கு அந்தப் பயணம் வாழ்நாள் முழுக்க நினைவில் நிற்கும். ரயில் புட்கார்டன் துறைமுகத்தில் மெல்ல ஊர்ந்து, திறந்திருக்கும் கப்பலின் முகப்புக்குள் தண்டவாளத்தோடு நுழையும். சன்னலுக்கு வெளியே ஒரு கை தூரத்தில் சரக்கு லாரிகளின் சக்கரங்கள் தெரியும். வண்டி நின்றதும், கடக்கும் நேரத்தில் ரயிலுக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று அறிவிப்பார்கள். பயணிகள் எல்லாரும் இறங்கி, கார்களுக்கு நடுவே இருக்கும் குறுகிய இடைவெளியில் நடந்து, படியேறி மேல்தளத்துக்குப் போவார்கள். கரை தெரியத் தொடங்கும்போது திரும்ப அழைப்பு வரும். எந்தப் படியில் ஏறினோம் என்று நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1963 மே 14 அன்று டென்மார்க் மன்னர் ஒன்பதாம் ஃபிரெடெரிக்கும் மேற்கு ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் ஹைன்ரிக் லியூப்கேவும் தொடங்கி வைத்த வழி அது. அதற்கு முன் 1903 முதல் டென்மார்க்கின் கெட்ஸருக்கும் ஜெர்மனியின் வார்னமியூண்டேவுக்கும் இடையே ரயில் கப்பல் ஓடியது. போருக்குப் பின் வார்னமியூண்டே கிழக்கு ஜெர்மனிக்குள் போய்விட்டதால் மேற்கு ஜெர்மனிக்குத் தன் கரையிலேயே ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. ஃபெமார்ன் தீவை நிலத்தோடு இணைக்கும் 963 மீட்டர் பாலம் கட்டப்பட்டதும் அதற்காகவே.

ஹாம்பர்க்கை விட லூபெக் கோபன்ஹேகனுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் அருகில் இருக்கிறது. இன்று நாங்கள் கோபன்ஹேகனுக்கு ரயிலில் போக வேண்டுமென்றால், முதலில் முக்கால் மணி நேரம் எதிர்த்திசையில் ஹாம்பர்க்குக்குப் போய், அங்கே வண்டி மாறி, யூட்லாந்து முழுவதையும் சுற்ற வேண்டும். ஐம்பத்தாறு ஆண்டு ஓடிய ஒரு வழியை அதற்கு மாற்று தயாராவதற்கு முன்பே நிறுத்தியது எங்கள் பகுதிக்குச் செய்த அநீதி என்றே நான் கருதுகிறேன்.

யூட்லாந்துக்காரன் எழுதியது:

வணக்கம். லூபெக் சகோதரியின் மனவருத்தம் எனக்குப் புரிகின்றது. ஆனால் அதே மாற்றத்தை மறுகரையிலிருந்து பார்க்கும் ஒருவனின் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகின்றேன்.

டென்மார்க்கில் வாழும் ஈழத்தமிழர்களில் கணிசமானோர் தலைநகரில் அல்ல, ஹெர்னிங் போன்ற யூட்லாந்து நகரங்களில்தான் வசிக்கின்றோம். அகதிகளாக வந்த காலத்தில் எங்களைக் குடியமர்த்திய இடங்கள் அவை. ஜேர்மனியில் ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த்திருவிழாவுக்கு ஆண்டுதோறும் குடும்பம் குடும்பமாகப் போய் வருகின்றோம். எங்களுக்கு ஃபெமார்ன் கப்பல் ஒருபோதும் வழியில் இருந்ததில்லை. கொப்பன்ஹேகனிலிருந்து ஹம்பேர்க் போகும் தொடருந்துகள் இந்தப் பக்கம் திரும்பிய பின்னர்தான் ஒடென்சேக்கும் கோல்டிங்குக்கும் அவற்றின் நேரடிப் பயன் கிடைத்தது.

கப்பலில் ஏற்றக்கூடிய தொடருந்தின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். கப்பலுக்குள் இருந்த தண்டவாளம் ஏறத்தாழ 118 மீற்றர் மட்டுமே. டென்மார்க்கின் ஐசி3 வண்டி இரண்டை இணைத்தால் அந்த இடம் நிரம்பிவிடும். கோடைகாலத்தில் எத்தனை பேர் வந்தாலும் அதற்கு மேல் ஒரு பெட்டியைக்கூடச் சேர்க்க முடியாது. பெல்ட் பாலத்துக்கு அப்படியான வரம்பு இல்லை. நீண்ட தொடருந்துகளை ஓட்டலாம். கப்பல் வழியில் நின்றுகொண்டும் வாசலில் பெட்டிகளின் மீது இருந்துகொண்டும் பயணித்தவர்கள் பலர். காட்சி அழகானதுதான், ஆனால் போக்குவரத்து என்பது எத்தனை பேரை நம்பகமாகக் கொண்டு சேர்க்கின்றது என்பதைப் பொறுத்தது.

லூபெக்வாசி எழுதியது:

வண்டியின் நீளம் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன் ஐயா. ஆனால் நிக்கோபிங் ஃபல்ஸ்டரிலும் ரோட்பியிலும் இருப்பவர்களுக்கு, எதிரே இருக்கும் ஜெர்மனிக் கரைக்கு ரயிலில் நேராகப் போக இன்று வழியே இல்லை. ஒடென்சே பெற்றதை அவர்கள் இழந்தார்கள். இதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அகழி எழுதியது:

கட்டுமானத் துறையில் இருப்பவன் நான். ஃபெமார்ன் சுரங்கத்தைச் சொல்லாமல் இந்த இரு நகரங்களின் பயண நேரத்தைப் பேசி முடிக்க முடியாது.

ரோட்பிக்கும் புட்கார்டனுக்கும் இடையே கட்டப்பட்டு வருவது 18 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம். ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தைப் போலப் பாறையைத் துளைத்துச் செல்வதில்லை இது. கடலடியில் நீண்ட அகழி தோண்டி, கரையில் வார்த்த கான்கிரீட் கூடுகளை இரு முனையும் அடைத்து மிதக்கவிட்டு இழுத்துச் சென்று, ஒன்றன்பின் ஒன்றாக அகழிக்குள் இறக்கி இணைத்து, மேலே கல்லும் மணலும் இட்டு மூடுவார்கள். மொத்தம் 89 கூடுகள். அவற்றில் 79 ஒரே அளவானவை, 10 சிறப்புக் கூடுகள். ஒரு சாதாரணக் கூட்டின் நீளம் 217 மீட்டர், அகலம் 42 மீட்டர், எடை 73,500 டன். சிறப்புக் கூடுகளில் கீழ்த்தளம் ஒன்று உண்டு. மின்சாரம், நீர் இறைப்பு முதலிய இயந்திரங்கள் அங்கே இருக்கும். கூடுகளை வார்க்கும் தொழிற்சாலையே ரோட்பி கடற்கரையில் புதிதாகக் கட்டப்பட்டது. முதல் கூட்டை 2024 ஜூனில் மன்னர் பத்தாம் ஃபிரெடெரிக் திறந்து வைத்தார்.

ஒரே கூட்டுக்குள் சாலைக்கு இரண்டு குழாய்கள், ரயிலுக்கு இரண்டு குழாய்கள். திறந்தபின் கார் கடக்க 10 நிமிடம், ரயில் கடக்க 7 நிமிடம். இன்றைய சுற்றுவழியை விட ரயில் பாதை 160 கிலோமீட்டர் குறையும். கோபன்ஹேகன்–ஹாம்பர்க் பயணம் இரண்டரை மணிக்கு இறங்கும் என்பதே திட்டத்தின் இலக்கு.

நீள்சாலை எழுதியது:

அகழி ஐயா, இரண்டு ஐயங்கள். பாலமே கட்டியிருக்கலாமே, ஏன் சுரங்கம்? கிரேட் பெல்ட்டில் 1,624 மீட்டர் இடைவெளியைத் தொங்குபாலத்தால் தாண்டியவர்கள்தானே டென்மார்க்காரர்கள்? அடுத்தது, இதற்குப் பணம் கொடுப்பது யார்?

அகழி எழுதியது:

பாலத்தைத்தான் முதலில் எண்ணினார்கள். 2008இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தபோது கம்பிவடப் பாலமே முதன்மையான யோசனையாக இருந்தது. பால்டிக் கடலுக்குள் போகும் பெருங்கப்பல்களின் தடம் அந்த நீரிணை வழியாகச் செல்கிறது. நடுவே தூண்கள் நின்றால் மோதும் ஆபத்து உண்டு. புயல் காற்றில் பாலத்தை மூட வேண்டிவரும். பறவைகள் வடக்கும் தெற்குமாக வலசை போகும் பெருவழியும் அதுவே. இவற்றையெல்லாம் ஆராய்ந்து சுரங்கத்துக்கு மாறினார்கள். காற்றின் ஆபத்தைச் சிறிதாக எண்ண வேண்டாம். 2019 ஜனவரி 2 அன்று புயல் வீசிய காலையில், கிரேட் பெல்ட் பாலத்தின் மேல் ஒரு சரக்கு ரயிலிலிருந்து பெயர்ந்த லாரிப் பெட்டி எதிரே வந்த பயணிகள் ரயிலில் மோதி 8 பேர் இறந்தார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, சுரங்கத்தின் செலவு முழுவதும் டென்மார்க்குடையது. ஐரோப்பிய ஒன்றியம் மானியம் தருகிறது. 2015ஆம் ஆண்டு விலையில் சுரங்கத்துக்கு 52.6 பில்லியன் டேனிஷ் குரோனர் என்று மதிப்பிட்டார்கள். அரசு உத்தரவாதத்தில் கடன் வாங்கி, பயன்படுத்துவோரின் கட்டணத்தால் பல பத்தாண்டுகளில் அடைப்பார்கள். கிரேட் பெல்ட்டிலும் இதே முறைதான். ஜெர்மனியின் பொறுப்பு தன் கரையிலிருந்து உள்ளே போகும் சாலையும் ரயில் பாதையும் மட்டுமே.

தண்டவாளம் எழுதியது:

அகழி ஐயா கடைசியாகச் சொன்ன வரியில்தான் இந்தப் பயண நேரத்தின் தலையெழுத்தே இருக்கிறது. கடலுக்கடியில் ஏழு நிமிடம் என்பது எல்லார் வாயிலும் இருக்கும் எண். ஆனால் இரண்டரை மணி நேரத்தில் அது ஏழே நிமிடம். மீதி இரண்டு மணி இருபத்து மூன்று நிமிடமும் நிலத்தின் மேல்தான் ஓட வேண்டும்.

டென்மார்க் தன் பக்கத்தில் முன்கூட்டியே தொடங்கிவிட்டது. கோபன்ஹேகனிலிருந்து ரிங்ஸ்டெட் வரை புதிய விரைவுப் பாதை 2019 மே மாதமே திறந்தது. ரிங்ஸ்டெட்டிலிருந்து தெற்கே செல்லும் பாதையை மின்மயமாக்கி, மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துக்கு மேம்படுத்தும் பணி நடக்கிறது. 1937இல் கட்டிய ஸ்டோர்ஸ்ட்ரோம் பாலத்துக்கு மாற்றாகப் புதிய பாலம் எழுப்பியிருக்கிறார்கள்.

ஜெர்மனிப் பக்கம் அப்படி இல்லை. லூபெக்கிலிருந்து புட்கார்டன் வரை பெரும்பகுதி புதிய தடத்தில் பாதை போட வேண்டும். 1963ஆம் ஆண்டின் ஃபெமார்ன் பாலம் வரப்போகும் சுமையைத் தாங்காது என்பதால் அங்கே தனியாக இன்னொரு சிறிய கடலடிச் சுரங்கமும் வேண்டும். பெரிய சுரங்கத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகளை லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2020 நவம்பரில்தான் தள்ளுபடி செய்தது. சுரங்கம் திறக்க 2029 என்று நாள் குறித்தார்கள். அதற்குள் தங்கள் ரயில் பாதை முடியாது என்று ஜெர்மன் ரயில்வே நிறுவனமே 2025இல் அறிவித்துவிட்டது. கூடுகளைக் கடலடியில் இறக்கும் சிறப்புக் கப்பல் தயாராகவும் தாமதமானது.

டென்மார்க் தன் நாடாளுமன்றத்தில் 2015இலேயே சட்டம் இயற்றிவிட்டு, ஒரே நிறுவனத்திடம் பொறுப்பை ஒப்படைத்தது. ஜெர்மனியில் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. மக்கள் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமையை நான் மதிக்கிறேன். ஆனால் 2008இல் கையெழுத்திட்ட நாடு, தன் கரையில் போட வேண்டிய ஏறத்தாழ 90 கிலோமீட்டர் பாதையை இத்தனை ஆண்டுகளில் முடிக்காமல் இருப்பது வருந்தத் தக்கது. சுரங்கம் முதலில் தயாராகி அதன் தெற்கு வாசலில் தண்டவாளம் இல்லாமல் போனால், கார்களும் லாரிகளும் பத்து நிமிடத்தில் கடக்கும். ரயில் பயணிகள் தொடர்ந்து யூட்லாந்தைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ரயிலுக்காகவும் என்று சொல்லிக் கட்டிய ஒன்று, தொடக்க ஆண்டுகளில் சாலைக்கே ஆதாயம் சேர்ப்பதாக ஆகிவிடும்.

லூபெக்வாசி எழுதியது:

தாமதத்துக்கு ஒரு நியாயமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் கடற்கரையில் டிம்மன்டார்ஃபர் ஸ்ட்ராண்ட், ஷார்பாய்ட்ஸ் என்று வரிசையாகக் கடற்குளியல் ஊர்கள் இருக்கின்றன. கோடை வருமானம்தான் அவற்றின் வாழ்வு. பழைய ரயில் பாதை அந்த ஊர்களுக்குள்ளேயே போகிறது. சுரங்கம் திறந்தால் இரவும் பகலும் நீண்ட சரக்கு ரயில்கள் படுக்கையறைச் சன்னல்களை ஒட்டி ஓடும் என்று மக்கள் அஞ்சினார்கள். அவர்கள் போராடியதால்தான் புதிய பாதையை ஏ1 நெடுஞ்சாலையின் ஓரமாகத் தள்ளிப் போடும் முடிவு வந்தது. நீரிணையின் அடியில் இருக்கும் கற்பாறைத் திட்டுகளும் அங்கே வாழும் சிறு கடற்பன்றிகளும் நீதிமன்றம் வரை பேசப்பட்டதற்குக் காரணம் சுற்றுச்சூழல் அமைப்புகளின் விடாமுயற்சி. இரண்டு மணி நேரம் மிச்சமாவது தலைநகரத்துப் பயணிக்கு. ஓசையும் தூசியும் எங்களுக்கு. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

யூட்லாந்துக்காரன் எழுதியது:

சகோதரி சொல்வது நியாயமானதே. என் அச்சம் வேறானது. சுரங்கப் பாதை முழுமையடைந்த பின், கொப்பன்ஹேகன்–ஹம்பேர்க் தொடருந்துகள் எல்லாம் அங்கே திரும்பிவிட்டால் ஒடென்சே, கோல்டிங் மக்கள் மறுபடி வண்டி மாறி மாறிப் போக வேண்டிவரும். 2019இல் லூபெக்குக்கு நேர்ந்தது அப்போது எங்களுக்கு நேரக் கூடாது. யூட்லாந்தின் ஓகூஸ் நகரிலிருந்து ஹம்பேர்க்குக்குத் தனி நேரடிச் சேவைகளை இப்போதிருந்தே உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று எங்கள் நகராட்சிகள் கேட்பதே முறை.

அமாகர்வாசி எழுதியது:

இவ்வளவு விரிவான பதில்களுக்கு எல்லாருக்கும் நன்றி. நேரடி ரயிலில்தான் போவது என்று முடிவு செய்துவிட்டோம். இன்னும் சில கேள்விகள்: அம்மாவிடம் டென்மார்க் வழங்கிய ஷெங்கன் விசா இருக்கிறது, எல்லையில் சிக்கல் வருமா? இருக்கை பதிய வேண்டுமா? ரயில் தாமதமானால் என்ன செய்வது? வழியில் அம்மாவுக்குக் காட்ட ஏதாவது இருக்கிறதா?

தண்டவாளம் எழுதியது:

விசா செல்லும். ஷெங்கன் பகுதிக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக அதுவே போதும். ஆனால் கடவுச்சீட்டைக் கட்டாயம் கையில் வைத்திருங்கள், பெட்டிக்குள் அடியில் வைத்துவிட வேண்டாம். டென்மார்க் 2016 முதலும், ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் 2024 செப்டம்பர் முதலும் சோதனை நடத்துகின்றன. படபோர்க் அல்லது ஃப்ளென்ஸ்பர்க் அருகே காவலர்கள் ரயிலுக்குள் ஏறிப் பார்ப்பார்கள். உங்கள் குடியிருப்பு அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

இருக்கையைக் கட்டாயம் பதிந்துவிடுங்கள், கோடையில் அது இல்லாமல் ஏறவே வேண்டாம். பயணச்சீட்டை முன்கூட்டி வாங்கினால் விலை வெகுவாகக் குறையும். முழுப் பயணத்துக்கும் ஒரே சீட்டாக வாங்குங்கள்; ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி சேருமிடத்தில் ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் 50 விழுக்காடும் திரும்பக் கேட்கலாம். கடும் புயல் போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கிளம்பும் முந்தின நாள் அட்டவணையைத் திரும்பப் பாருங்கள். பாதைப் பணிகளால் நேரம் மாறுவது அந்த வழியில் வழக்கமாகிவிட்டது.

வழியில் காட்ட இரண்டு இடங்கள் உண்டு. கோர்சோர் நகரைத் தாண்டியதும் கிரேட் பெல்ட்டில் ரயில் முதலில் கடலுக்கு அடியில் 8 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் போகும். வெளியே வரும்போது ஸ்ப்ரோகோ என்னும் சிறு தீவின் மேல் இருப்பீர்கள், அடுத்து நீண்ட தாழ்வான பாலத்தில் இருபுறமும் கடல். திரும்பிப் பார்த்தால் கார்கள் போகும் தொங்குபாலத்தின் கோபுரங்கள் தெரியும்.

இரண்டாவது ஜெர்மனியில், ரென்ட்ஸ்பர்க் ஊரில். அங்கே கீல் கால்வாயைப் பெருங்கப்பல்கள் கடப்பதால் 1913இல் கட்டிய இரும்புப் பாலம் நீருக்கு மேல் 42 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ரயில் நிலையமோ தரைமட்டத்தில், கால்வாய்க்கு மிக அருகில். அவ்வளவு உயரம் ஏற இடமில்லாததால் தண்டவாளத்தை ஊரின் ஒரு பகுதியைச் சுற்றி வளையமாகப் போட்டிருக்கிறார்கள். வடக்கிலிருந்து போகும்போது பாலம் பிந்தி வரும். அதற்கு முன் ரயில் வளைந்து வளைந்து ஏறுவதையும், வளையத்துக்கு உள்ளே வீடுகளும் தோட்டங்களும் கீழே இறங்கிப் போவதையும் அம்மா பார்க்கலாம். பாலத்தின் அடியில் கம்பிகளில் தொங்கியபடி கார்களையும் மனிதர்களையும் அக்கரை சேர்க்கும் ஒரு மேடையும் ஓடுகிறது. 2016இல் கப்பல் மோதிச் சிதைந்ததை மாற்றி 2022இல் புதிதாக விட்டார்கள். ரயிலிலிருந்து அது தெரியாது. தங்கை குடும்பத்தோடு ஒரு நாள் ஹாம்பர்க்கிலிருந்து ரென்ட்ஸ்பர்க் போய் அதில் ஏறிப் பாருங்கள், கட்டணம் இல்லை.